அட்டையில் ‘வெர்ஷன் 2.1’ என்று இருந்தால் கொஞ்சம் நில்லுங்கள்: மலிவு ஓபிடி ஸ்கேனர் வாங்குவோருக்கு எச்சரிக்கை

காரில் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக் பிடிக்க வைக்கும் அமைப்பு) விளக்கு எரிகிறது. காரின் கோளாறுகளைப் படித்துச் சொல்லும் ஓபிடி ஸ்கேனர் என்று ₹500-க்கு வாங்கிய நீல டாங்கிளை ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் மாட்டி, போனில் ஆப்பைத் திறந்தால் ‘கோளாறு எதுவும் இல்லை’ என்று பச்சை டிக் வருகிறது. அந்தக் கருவி ஏபிஎஸ் யூனிட்டிடம் பேசவே இல்லை. என்ஜினின் கணினியான இசியூவிடம் மட்டும் கேட்டுவிட்டு வந்து பதில் சொல்கிறது. விற்பனைப் பக்கத்தில் ‘எல்லா கார்களும், எல்லா சிஸ்டமும்’ என்று இருந்ததை நம்பி வாங்கியவர், விளக்கில்தான் ஏதோ கோளாறு என்று முடிவுகட்டி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். சுத்தமாக வேலை செய்யாத கருவியாக இருந்தால் பணத்தோடு போயிருக்கும். அரைகுறையாகப் பதில் சொல்லும் கருவி பிரேக்கில் கொண்டுபோய் விடுகிறது.

இந்த நீல டாங்கிள்களின் ஜாதகம் தெரிந்தால் பாதி ஏமாற்று புரிந்துவிடும். ஈஎல்எம்327 என்பது கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் செய்த சிப். அதன் முதல் பதிப்பில் நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டைப் போடாமல் விட்டதால், உள்ளே இருந்த நிரல் அப்படியே திருடப்பட்டு ஊரெங்கும் நகல்கள் வந்தன. அந்த நிறுவனம் 2022-ல் கடையை மூடிவிட்டது. பெட்டியில் இன்றும் ‘ஈஎல்எம்327’ என்று அச்சடித்து விற்பவற்றில் ஏறக்குறைய எல்லாமே நகல்தான். நகல் என்பதாலேயே குப்பை என்று சொல்லிவிட முடியாது, சில நகல்கள் ஒழுங்காகவே ஓடுகின்றன. பிரச்சினை வெர்ஷன் எண்ணில் இருக்கிறது. 1.5 என்ற பதிப்பை எல்ம் வெளியிட்டதே இல்லை. 2.1 உண்மையிலேயே உண்டு, ஆனால் ‘2.1’ என்று சொல்லிக்கொண்டு வரும் மலிவு டாங்கிள்களில் பல, ‘1.5’ என்று சொல்பவற்றைவிடக் குறைவான கட்டளைகளைத்தான் புரிந்துகொள்ளும். பெரிய எண் என்றால் புதுசு என்று நாம் நினைப்போம் என்பது விற்பவருக்கு நன்றாகவே தெரியும்.

மாட்டியதும் என்ன நடக்கும்? ப்ளூடூத் சேரும், ஆப் ‘அடாப்டர் இணைந்தது’ என்று சொல்லும். அடுத்து ‘சர்ச்சிங்’ என்று சுற்றிக்கொண்டே இருந்து ‘அனேபிள் டு கனெக்ட்’ என்று நிற்கும். ‘பஸ் இனிட் எரர்’ என்று வந்தால் கே-லைன் (பழைய கார்களின் ஒற்றை ஒயர்த் தொடர்பு) பக்கம் சிக்கல். பழைய சிறிய கார்கள் சிலவற்றில் கேன் பஸ் (காரின் கணினிகள் ஒன்றோடொன்று பேசும் இரட்டை ஒயர்ப் பாதை) கிடையாது, 7-ஆம் பின்னில் வரும் கே-லைனில்தான் பேச வேண்டும். செலவைக் குறைக்க அந்தப் பகுதியையே போர்டில் வைக்காமல் விட்ட டாங்கிள்கள் நிறைய. டார்ச் அடித்துக் காரின் சாக்கெட்டைப் பாருங்கள்: 6, 14 இரண்டு இடத்திலும் உலோகம் இல்லாமல் 7-ல் மட்டும் இருந்தால் உங்கள் கார் கே-லைன். ‘கேன் மட்டும்’ கருவி அதற்கு உதவாது.

கருவியைத் திட்டுவதற்கு முன்னால் காரையும் ஒருமுறை பார்த்துவிடுவது நியாயம். மல்டிமீட்டரில் 16-ஆம் பின்னுக்கும் 4-ஆம் பின்னுக்கும் நடுவே 12 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் ஃப்யூஸ் போயிருக்கும். பல கார்களில் இது சிகரெட் லைட்டர் ஃப்யூஸோடு சேர்ந்தே வரும், அதில் மலிவு போன் சார்ஜரைச் செருகி ஊதியிருப்பார்கள். கேன் வண்டி என்றால் இக்னிஷனை அணைத்துவிட்டு 6-க்கும் 14-க்கும் நடுவே ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். பெரும்பாலான கார்களில் 60 ஓம் பக்கம் காட்டும், 120 என்றால் ஒரு முனையில் வயரிங் அறுந்திருக்கலாம்.

வண்டியின் வயதும் முக்கியம். இந்தியாவில் கார்களுக்கு ஓபிடி-1 2010 ஏப்ரலிலும், ஓபிடி-2 2013 ஏப்ரலிலும் கட்டாயமாயின. அதற்கு முந்தைய வண்டியில் 16 பின் சாக்கெட் இருக்கலாம், ஆனால் தயாரிப்பாளரின் சொந்த மொழியில் மட்டுமே பேசும். ‘1996-க்குப் பிறகு வந்த எல்லா கார்களும்’ என்று விளம்பரத்தில் பார்த்தால், அது அமெரிக்கச் சட்டத்தின் ஆண்டை அப்படியே எடுத்து ஒட்டியது. 2009 மாடல் இண்டிகாவுக்கு அந்த வரியால் ஒரு பயனும் இல்லை.

கொஞ்சம் பெரிய தொகையில் நடக்கும் ஏமாற்று, திரை வைத்த கைக்கருவிகளில். ‘ஃபுல் ஃபங்ஷன்’ என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் ஓபிடி-2 தரத்தின் 10 மோடுகளும் (கேள்வி வகைகளும்) உண்டு என்பதுதான் அதன் அர்த்தம். அந்தப் பத்தும் புகை சம்பந்தப்பட்ட என்ஜின், கியர்பாக்ஸ் தகவலோடு முடிந்துவிடும். ஏபிஎஸ், ஏர்பேக், ஸ்டியரிங், சர்வீஸ் ரீசெட், த்ராட்டில் ரீலேர்ன், டிபிஎஃப் ரீஜெனரேஷன் (டீசல் புகை வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிப்பது), டீசல் இன்ஜெக்டர் மாற்றினால் அதன் குறியீட்டை இசியூவில் ஏற்றுவது எல்லாம் தனிச் சமாச்சாரம். உங்களுக்கு அவை வேண்டுமென்றால் தயாரிப்பாளரின் சொந்தத் தளத்தில் வண்டிப் பட்டியலைத் திறந்து மாடல், ஆண்டு, சிஸ்டம், வேலை என நான்கும் ஒரே வரியில் பொருந்துகிறதா பாருங்கள். ‘சுசுகி’ இருந்தால் ‘மாருதி’யும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரிய ஸ்கேனர்களில் மாருதி, டாடா, மஹிந்திராவுக்குத் தனி மெனு வரும். அமெரிக்கச் சந்தைக்கான கருவியில் டாடாவைத் தேடினால் கிடைக்காது. அப்டேட் எத்தனை வருஷம் இலவசம், அதற்குப் பிறகு ஆண்டுச் சந்தா எவ்வளவு என்பதையும் வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். முதல் வருஷம் இனிக்கும், இரண்டாம் வருஷம் மெனு பூட்டிக்கொள்ளும் ரகங்கள் உண்டு. சீனச் சந்தைக்கென்று செய்து ரீஜியன் லாக் போட்ட கருவியை மலிவாகத் தள்ளிவிடுவதும் நடக்கிறது. அதற்கு இங்கே அப்டேட் இறங்காது.

‘ஒரே பட்டனில் எல்லா கோளாறும் போய்விடும்’ என்பது இன்னொரு பொய். கோளாறு எண்ணை, அதாவது ‘கோடை’ (code) அழித்தால் விளக்கு அணையும், கோளாறு அப்படியே இருக்கும். கூடவே ஃப்ரீஸ் ஃப்ரேமும் அழிந்துபோகும். கோளாறு பதிவான நொடியில் ஆர்பிஎம், லோடு, கூலன்ட் வெப்பம் என்னவாக இருந்தன என்ற அந்தக் குறிப்புதான் உங்கள் கையில் இருந்த ஒரே சாட்சி. அழிக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கோடு வந்ததும் அந்தப் பாகத்தை வாங்கிப் போடச் சொல்லும் ஆப்பையும் நம்ப வேண்டாம். பி0171 (P0171) என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு என்று மட்டும்தான் பொருள். ஆக்சிஜன் சென்சாருக்குச் சில ஆயிரம் கொடுப்பதற்கு முன் லைவ் டேட்டாவில் ஃப்யூயல் ட்ரிம்மை (இசியூ எரிபொருளை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற சதவீதத்தை) பாருங்கள். ஐடிலில் +20% காட்டி, 2500 ஆர்பிஎம்மில் சாதாரண நிலைக்கு இறங்கினால் எங்கோ காற்று உள்ளே போகிறது. இன்டேக்குக்குப் பின்னால் வெடித்த ரப்பர் குழாயைத் தேடுங்கள். வேகம் கூடக் கூட ட்ரிம்மும் ஏறினால் ஃப்யூயல் பம்ப், ஃபில்டர், அழுக்கான ஏர்ஃப்ளோ சென்சார் பக்கம் போங்கள். இதைக் காட்டாத கருவி, கோடு மட்டும் படிக்கும் கருவி, ₹300-க்கு வந்தாலும் விலை அதிகம்தான்.

இந்த டாங்கிள்களின் அதே அச்சில் வார்த்த ஷெல்லில் ‘மைலேஜ் சிப்’ ஒன்று வருகிறது. மாட்டினால் இசியூவை மாற்றியமைத்து மைலேஜைக் கூட்டுமாம். திறந்தால் மின்னும் எல்இடிகள், ஒரு சின்ன சிப், ஒரு பட்டன். கேன் பஸ்ஸோடு பேசத் தேவையான ட்ரான்ஸ்சீவரே கிடையாது. ‘200 கிலோமீட்டர் ஓட்டினால்தான் உங்கள் ஓட்டும் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளும்’ என்று எழுதியிருப்பது சும்மா இல்லை. வீட்டுக் கார் அவ்வளவு தூரம் ஓடி முடிக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அதற்குள் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிடும்.

ஷோரூம் ஸ்கேனரின் நகலை லேப்டாப் மென்பொருளோடு விற்பவர்கள் வேறு ஜாதி. ‘ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்’, ‘இன்டர்நெட்டில் இணைக்கவே கூடாது’ என்ற இரண்டு வரிகளைக் கண்டால் விலகிவிடுங்கள். முதலாவதால் லேப்டாப்புக்கு ஆபத்து. இரண்டாவது மீறப்பட்டால், அசல் நிறுவனத்தின் சர்வர் போலி சீரியலைக் கண்டுபிடித்துக் கருவியை முடக்கக்கூடும். குட்டி சிடியில் வரும் மென்பொருளும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

பார்சல் வந்த அன்றே சோதித்துவிட வேண்டும். சீலைக் கிழிப்பதிலிருந்து வெட்டாமல் வீடியோ எடுங்கள். தயாரான நாடு, இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி ஆகியவை லேபிளில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அதையும் காட்டிப் பதிவு செய்யுங்கள். இக்னிஷன் ஆன், என்ஜின் ஆஃப். கட்டளைகளை நேராகத் தட்டி அனுப்பும் டெர்மினல் ஆப்பில் ‘ஏ டி ஐ’ (ATI) என்ற மூன்று ஆங்கில எழுத்தை அனுப்பினால் வெர்ஷனைச் சொல்லும். அது தானே சொல்லிக்கொள்ளும் பெயர், அதை நம்ப வேண்டியதில்லை. அடுத்து ‘ஏ டி பி பி எஸ்’ (ATPPS) அனுப்புங்கள். அசல் 2.1 வரிவரியாக ஒரு பட்டியல் தரும், பொய் 2.1 வெறும் ‘?’ போடும். அந்தக் கேள்விக்குறிக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட். ‘ஏ டி ஆர் வி’ (ATRV) காட்டும் வோல்ட்டேஜை மல்டிமீட்டரோடு ஒப்பிடுங்கள். 0.1, 0.2 வித்தியாசத்தை மன்னிக்கலாம், அரை வோல்ட்டை மன்னிக்க முடியாது. பிறகு 0902 அனுப்பிச் சேசிஸ் எண்ணைக் கேளுங்கள். மாருதி என்றால் எம்ஏ3 (MA3), ஹூண்டாய் எம்ஏஎல் (MAL), டாடா எம்ஏடி (MAT) என்று தொடங்கி 17 எழுத்தும் வர வேண்டும். நீளமான பதிலைத் துண்டு துண்டாகச் சேர்க்கத் தெரியாத நகல்கள் பாதியில் நின்றுவிடும். (பழைய வண்டிகள் சில இந்தக் கேள்விக்கே பதில் தராது, அப்போது கருவிமேல் பழி போடாதீர்கள்.)

என்ஜின் அணைந்திருக்கும்போது மேனிஃபோல்டு பிரஷர் (என்ஜினுக்குக் காற்று போகும் பாதையின் அழுத்தம்) வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும்: சென்னையில் 100 கிலோபாஸ்கல் பக்கம், ஊட்டியில் 77, 78. கடைசியாக, வேண்டுமென்றே ஒரு கோளாறு. இக்னிஷனை அணைத்து இன்டேக் காற்று வெப்ப சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, மீண்டும் ஆன் செய்து ஸ்டார்ட் செய்யுங்கள். பெரும்பாலும் பி0113 (P0113) வரும். சில வண்டிகளில் அந்த சென்சார் பிரஷர் சென்சாரோடு சேர்ந்தே இருப்பதால் கூட ஒரு கோடும் வரலாம். எதுவுமே வரவில்லை என்றால் உங்கள் பணம் வீண். கனெக்டரைத் திரும்ப மாட்டிக் கோடை அழித்துவிடுங்கள். இந்த விளையாட்டை மஞ்சள் ஏர்பேக் கனெக்டரில் மட்டும் காட்டாதீர்கள்.

எல்லாச் சோதனையிலும் தேறினாலும் டாங்கிளைச் சாக்கெட்டிலேயே விட்டுவைக்க வேண்டாம். 16-ஆம் பின்னில் எப்போதும் கரன்ட் இருக்கும். தூங்கத் தெரியாத டாங்கிள் 45 மில்லிஆம்பியர் இழுக்கிறது, காரின் சொந்தச் செலவு 25 என்று வையுங்கள்: ஒரு நாளைக்கு 1.7 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி பத்தே நாளில் காலி. பல டாங்கிள்களின் ப்ளூடூத் ரகசிய எண் 1234 அல்லது 0000, பக்கத்தில் நிற்கிற யாரும் இணைத்துவிடலாம். ஐபோன்காரர்கள் பழைய வகை ப்ளூடூத் டாங்கிளை வாங்கினால் இணையவே இணையாது. வைஃபை அல்லது ப்ளூடூத் லோ எனர்ஜி என்று தெளிவாகப் போட்டிருக்க வேண்டும். என்ஜின் விளக்கை மட்டும் பார்க்க வேண்டியவருக்கு, சொந்தத் தளமும் அப்டேட்டும் உள்ள பிராண்டின் ஒயர் வைத்த சின்னக் கைக்கருவியே போதும். போனில்தான் வேண்டும் என்றால் ஓபிடிலிங்க், வீலிங்கர் போன்றவற்றைப் பாருங்கள். அவற்றின் பெயரிலும் போலி வருவதால் தயாரிப்பாளர் காட்டும் விற்பனையாளரிடம் மட்டும்.

திருப்பி அனுப்பும்போது காரணமாக ‘பிடிக்கவில்லை’ என்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ‘விவரித்தபடி இல்லை’ என்பதைத் தேர்ந்தெடுத்து, விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் கேள்விக்குறி வந்த ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து அனுப்புங்கள். விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்பது 2020 மின்வணிக விதி. ‘ரீப்ளேஸ்மென்ட் மட்டும்தான்’ என்று இழுத்தடித்தால் 1915-ஐ அழைத்துத் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைப் பதியுங்கள். அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, ₹5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. நடுவில் மாற்றுப் பொருள் வந்து சேர்ந்தால் அதையும் வீடியோவோடு பிரித்து, ‘ஏ டி பி பி எஸ்’-லிருந்து மறுபடி தொடங்குங்கள். பெரும்பாலும் அதே பெட்டியிலிருந்து எடுத்த அடுத்த டாங்கிளாகத்தான் இருக்கும்.