பெங்களூர்ல ஜிப்சம் போர்டு சுவர் போடுறவங்க, போர்டு மூடுறதுக்கு முன்னாடி இதப் படிச்சிடுங்க

ராமமூர்த்தி நகர்ல எங்க பழைய வீட்டு மேல ஒரு மாடி எடுத்தோம். கீழ பீம் இல்லாத இடத்துல மேல பிளாக் சுவர் கட்டினா ஸ்லாப் தாங்காது, உள் சுவரெல்லாம் ஜிப்சம் போர்டுல போட்டுக்கோங்கன்னு இன்ஜினியர் சொன்னாரு. அதுல தப்பே இல்ல, முறையா போட்டா நல்லா நிக்கிற சாமான்தான். போட வந்த கான்ட்ராக்டர்தான் எங்கள ஏமாத்திட்டாரு.

ஆள் கிருஷ்ணகிரி பக்கம், தமிழ்ல பேசுவாரு, அப்பாவ வாய் நிறைய ஐயா ஐயான்னு கூப்பிடுவாரு. கொட்டேஷனும் பக்காவா இருந்துச்சு: 12.5 எம்எம் போர்டு, 2 அடிக்கு ஒரு ஜிஐ ஸ்டட் (போர்ட ஸ்க்ரூ பண்ற இரும்புச் சட்டம்), சத்தம் தடுக்க நடுவுல கிளாஸ் வுல், பாத்ரூம் பக்கம் ஈரம் தாங்குற பச்சை போர்டு, கைப்பிடி வர்ற இடத்துல ஸ்க்ரூ புடிக்க போர்டுக்குப் பின்னாடி ப்ளைவுட். பணம் மூணு தவணை, அதுல பெரிய தவணை ரெண்டு பக்கமும் போர்டு மூடினதும் குடுக்கணும். எங்க மாதிரி வீடு கட்டுறவங்க முதல்ல கவனிக்க வேண்டிய வரி இதுதான். மூடிட்டா உள்ள என்ன இருக்கு, என்ன இல்லன்னு வெளிய இருந்து யாராலயும் சொல்ல முடியாது, ஆனா அந்த நேரத்துலதான் அவங்க கைக்கு முக்காவாசி பணம் போயிடும்.

அப்போ செப்டம்பர், இந்த ஊர்ல சாயங்காலமானா மழை கொட்டுற மாசம். ஜன்னல் இன்னும் மாட்டல, வெளிச்சுவர் பூச்சுல ஓதம் அப்படியே இருக்கு, போர்ட எல்லாம் மரக்கட்டை மேல படுக்க வைக்காம அந்த ஈரச் சுவர்லயே சாய்ச்சு வச்சிருந்தாங்க. ப்ளம்பர் பைப் போட்டிருந்தாரே தவிர பம்ப் வச்சு ப்ரெஷர் டெஸ்ட் பண்ணல. அப்பா கேட்டாரு, ஏம்ப்பா ஜன்னல் வரட்டுமே, பைப்பையும் ஒரு தடவ பாத்துட்டு மூடலாமேன்னு. "ஐயா, இது வாட்டர் ப்ரூஃப் போர்டு, ஒண்ணும் ஆகாது. பசங்க அடுத்த சைட்டுக்குப் போயிட்டா தீபாவளி கழிச்சுதான் வருவானுங்க"ன்னு பதில்.

இது சுத்தப் பொய். ஜிப்சம் போர்டுல எதுவுமே வாட்டர் ப்ரூஃப் கிடையாது. பச்சை போர்டு பாத்ரூம் ஆவி, ஈரக்காத்து வரைக்கும் தாங்கும், தண்ணி கசிஞ்சு நின்னா அதுவும் ஊறிப் போயிடும், மேல ஒட்டியிருக்கிற பேப்பர்ல பூஞ்சை புடிக்கும். இத தொழில் தெரிஞ்ச எவனும் மாத்திச் சொல்ல மாட்டான்.

அப்பா கண் செக்கப்புக்குப் போன அன்னைக்கு நாங்களும் ஆபீஸ்ல இருந்தோம், அன்னைக்கே மூடிட்டாங்க. சாயங்காலம் வந்து பாத்தா ஜாயின்ட் டேப் கூட ஒட்டி முடிச்சாச்சு, போன் மேல போன் பணம் அனுப்புங்கன்னு.

குடி போன கொஞ்ச நாள்ல பாத்ரூமுக்கும் அம்மா ரூமுக்கும் நடுவுல இருக்கிற சுவர் அடியில பெயின்ட் உப்பி கருப்பா புள்ளி வந்துச்சு. வேற ஆள கூட்டிட்டு வந்து போர்ட வெட்டிப் பாத்தா, சிபிவிசி பைப் ஜாயின்ட் ஒண்ணு கசியுது. அது கூட போகட்டும். ஸ்டட் 3 அடிக்கு ஒண்ணு நிக்குது, டைல்ஸ் ஒட்டுற சுவர்னா 2 அடிய விட இன்னும் நெருக்கமா வேணும்னு வந்தவரு தலைல கை வச்சிட்டாரு. கிளாஸ் வுல் ஒரு துண்டு கூட இல்ல, அம்மாவுக்கு பக்கத்து ரூம் டிவி சத்தம் அப்படியே கேக்குதுன்னு சொன்னது அதனாலதான். டைல்ஸ பேத்தா உள்ள சாதா வெள்ளை போர்டு. போர்டு அடி தரையோட ஒட்டி நிக்குது, அரை இஞ்சாவது தூக்கிப் போட்டிருந்தா தரை ஈரத்த இப்படி உறிஞ்சியிருக்காது.

எல்லாத்தையும் விட எனக்கு ஆத்திரம் வர்றது கைப்பிடிதான். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனவங்க, கமோட் பக்கத்துல புடிச்சு எழுந்திரிக்க கைப்பிடி வேணும்னு முதல் நாளே சொல்லி, இடத்துல பென்சில்ல கோடு போட்டுக் காட்டியிருந்தோம். பின்னாடி ப்ளைவுட் வைக்கவே இல்ல, வெறும் போர்டுல ஸ்க்ரூ. மாமா ஒரு நாள் சும்மா புடிச்சு இழுத்ததுக்கே போர்டோட பிச்சுக்கிட்டு வந்துடுச்சு. அந்த இடத்துல அம்மா இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு இன்னும் நெனச்சாலே வயிறு கலங்குது. பணத்த ஏமாத்துறது ஒண்ணு, வயசானவங்க உயிரோட விளையாடுறது வேற.

போன் பண்ணா "ப்ளம்பர் தப்பு மேடம், என் வேலைல குறை இல்ல"ன்னாரு. போட்டோ அனுப்பினதும் நம்பர ப்ளாக் பண்ணிட்டாரு. ஜிஎஸ்டி பில் இன்னைக்கு வரைக்கும் தரல, நல்லவேளை பணமெல்லாம் யுபிஐல போனதால கணக்கு இருக்கு.

அதனால இப்போ வேலை நடக்குற வீட்டுக்காரங்க கிட்ட கெஞ்சிக் கேக்குறேன், முதல்ல ஒரு பக்கம் மட்டும் போர்டு அடிக்கச் சொல்லுங்க. ஜன்னல் மாட்டி, மழைத்தண்ணி உள்ள வராம, பூச்சு காஞ்சிருக்கணும். பைப்புக்கு ப்ரெஷர் ஏத்தி ராத்திரி முழுக்க ப்ரெஷர் மீட்டர் முள்ளு இறங்காம நிக்குதான்னு பாருங்க. பாத்ரூம் தரைல தண்ணி கட்டி வச்சு கீழ கசியுதான்னு பாருங்க. அளக்குற டேப் வச்சு ஸ்டட் தூரத்த நீங்களே அளங்க. கீசர், டிவி, பேசின், கைப்பிடி வர்ற இடத்துல ப்ளைவுட் இருக்கான்னு தட்டிப் பாத்து, வயர் பைப் போற வழி எல்லாத்தையும் டேப்போட சேத்து போட்டோ எடுத்துட்டு அப்புறம்தான் அடுத்த பக்கம். பெரிய தவணை மூடினதுக்கு இல்ல, மூடுறதுக்கு முன்னாடி நீங்க பாத்து சரி சொன்னதுக்குன்னு கொட்டேஷன்லயே எழுதி வாங்குங்க.

நாங்க 1915 கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்ல புகார் பதிவு பண்ணியாச்சு, அடுத்து மாவட்ட நுகர்வோர் கமிஷன்ல மனு போடப் போறோம். வேலைக்கு நாம குடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா அங்க ஃபீஸ் கிடையாது, பிரச்சனை ஆரம்பிச்சதுல இருந்து 2 வருஷத்துக்குள்ள போடணும். அந்த சுவர முழுசா எடுத்துட்டுத் திரும்பப் போடணும், கே.ஆர்.புரம், ஹோரமாவு பக்கம் திறந்து காட்டி வேலை செய்யுற ஆள் யாராவது உங்களுக்கு வேலை செஞ்சிருந்தா சொல்லுங்க.