மெக்சிகோவில் நெடுந்தொலைவுப் பயணம்: பேருந்தா, விமானமா, காரா?

மெக்சிகோவின் வடமேற்கு மூலையிலுள்ள டிஹுவானாவிலிருந்து கிழக்குக் கரையிலுள்ள கான்குனுக்குச் சாலை வழியே செல்வதென்றால் 4,000 கிலோமீட்டருக்கு மேல் கடக்க வேண்டும். இவ்வளவு நீண்ட நாட்டில் பயணிகள் ரயில் என்பது ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. 1995இல் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தி ரயில்வேயைத் தனியாருக்குத் திறந்துவிட்ட பிறகு, சரக்குப் போக்குவரத்தில் மட்டுமே லாபம் கண்ட நிறுவனங்கள் பயணிகள் வண்டிகளை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டன. சிவாவா மாநிலத்தின் மலைப் பள்ளத்தாக்குகளின் ஊடே ஓடும் ரயிலும், 2023 டிசம்பரில் யுகட்டான் தீபகற்பத்தில் தொடங்கிய மாயா ரயிலும் இன்றைய முக்கிய விதிவிலக்குகள். தலைநகரிலிருந்து கெரெத்தாரோவுக்கும் பச்சூக்காவுக்கும் புதிய தடங்களை அரசு அமைக்கத் தொடங்கியிருக்கிறது. ஆனாலும் இன்று பயணம் கிளம்புகிறவருக்குப் பேருந்து, விமானம், கார் ஆகிய மூன்றே வழிகள்.

இம்மூன்றையும் ஒரே பட்டியலில் இட்டு மதிப்பெண் போடுவதில்தான் பலரும் குழம்பிப்போகிறார்கள். பேருந்துக்கும் விமானத்துக்கும் இடையே நடப்பது நேரத்தைப் பொறுத்த உண்மையான போட்டி. கார் அந்தப் போட்டியில் சேரவே கூடாது என்பது என் கருத்து. நகரத்திலிருந்து நகரத்துக்குப் போய்ச் சேர்வதற்கு அல்ல, ஒரு வட்டாரத்துக்குள் சுற்றித் திரிவதற்குத்தான் அது பயன்படும்.

முதலில் ஒரு தடத்தை எடுத்துக்கொள்வோம். மெக்சிகோ நகரிலிருந்து வஹாக்கா நகரம் ஏறத்தாழ 460 கிலோமீட்டர். கிழக்குப் பேருந்து நிலையமான தாப்போவிலிருந்து முதல் வகுப்புப் பேருந்தில் ஏறினால் ஆறரை அல்லது ஏழு மணி நேரத்தில் வஹாக்காவில் இறங்கலாம். இறங்கும் நிலையம் பழைய நகரின் விளிம்பிலேயே இருப்பதால், பெட்டி சிறியதாக இருந்தால் விடுதிக்கு நடந்தே போய்விட முடியும். விமானமோ வானில் இருப்பது ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஆனால் நகரின் நெரிசலைத் தாண்டி விமான நிலையம் சேர்வது, முன்கூட்டிப் போய்க் காத்திருப்பது, வஹாக்காவில் இறங்கிப் பெட்டிக்காக நிற்பது, ஊருக்குத் தெற்கேயுள்ள நிலையத்திலிருந்து வண்டி பிடித்து மையத்துக்கு வருவது ஆகிய எல்லாவற்றையும் கூட்டினால் நாலரை மணி நேரத்துக்குக் குறைவாக முடிவதில்லை. ஆக, மிச்சமாவது இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்துக்காகப் பெட்டியின் எடையையும் திரவப் புட்டிகளின் அளவையும் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, தெஹுவாக்கானைத் தாண்டியதும் சாலையின் இருபுறமும் மலைச்சரிவு முழுவதும் தூண்தூணாக எழுந்து நிற்கும் கள்ளிக் காடுகளைச் சன்னலோரத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டு போவது எனக்கு மேலானதாகவே படுகிறது. அதனால் இந்தத் தடத்தில் பகல் பேருந்தையே பரிந்துரைப்பேன். இரவுப் பேருந்து விடுதி வாடகையை மிச்சப்படுத்தும் என்பார்கள். ஆனால் விடியற்காலை ஆறு மணிக்கு இறங்குகிறவருக்குப் பிற்பகல் மூன்று மணி வரை அறை கிடைக்காது.

இப்படிப் பார்த்தால், கதவுக்குக் கதவு ஏழு மணி நேரத்துக்குள் முடியும் பயணத்தில் பேருந்துதான் முந்துகிறது. புவெப்லா, கெரெத்தாரோ, குவர்நாவாக்கா, மொரேலியா, குவானாஹுவாத்தோ ஆகிய ஊர்களுக்குத் தலைநகரிலிருந்து விமானத்தைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. குவாதலஹாரா ஏழு மணி நேர எல்லையில் நிற்கிறது; எந்தப் பக்கமும் சாயலாம். மான்டெர்ரே பதினோரு, பன்னிரண்டு மணி நேரம் பிடிப்பதால் விமானத்தின் பக்கம் போய்விடுகிறது. யுகட்டானிலுள்ள மெரிடாவுக்குப் பேருந்தில் ஒரு பகலும் ஓர் இரவின் பெரும்பகுதியும் கழியும். டிஹுவானாவுக்கு முழுதாக ஒன்றரை நாளுக்கு மேல். இவற்றைப் பேருந்தில் கடக்க வேண்டுமென்றால், வழியில் இறங்கித் தங்கிப் போகும் எண்ணம் இருக்க வேண்டும்.

மெக்சிகோவின் நல்ல பேருந்துகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் அவற்றைப் பார்க்காதவர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். ரயில் விட்டுச் சென்ற இடத்தைப் பிடித்துக்கொண்ட இந்த நிறுவனங்கள் நாட்டை ஏறக்குறைய வட்டாரம் வட்டாரமாகப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. தென்கிழக்கிலும் வளைகுடாக் கரையிலும் ஏடிஓ குழுமம், மேற்கிலும் நடுப்பகுதியிலும் பிரிமேரா பிளஸ், ஈடிஎன் போன்றவை. ஆகவே எந்தத் திசைக்குப் போகிறோம் என்பதைப் பொறுத்தே நிறுவனமும் அமையும், தலைநகரில் ஏற வேண்டிய நிலையமும் அமையும். கிழக்குக்குத் தாப்போ, வடக்குக்கு வடக்கு நிலையம், குவர்நாவாக்கா, அகாபுல்கோ பக்கத்துக்குத் தஸ்கேன்யா, மேற்குக்கு அப்செர்வத்தோரியோ என நான்கு பெரிய நிலையங்களும் மெட்ரோ ரயில் தடங்களை ஒட்டியே இருக்கின்றன. நிலையத்தை மாற்றிப் போய்விட்டால் நகரைக் குறுக்கே கடக்கவே ஒரு மணி நேரம் ஆகும் என்பதால், சீட்டில் அச்சாகியிருக்கும் நிலையத்தின் பெயரை ஒன்றுக்கு இரண்டு முறை படிப்பது நல்லது.

முதல் வகுப்பு என்றால் குளிர்சாதனம், சாயும் இருக்கை, கழிப்பறை, இடையில் நிற்காத ஓட்டம் அல்லது மிகச் சில நிறுத்தங்கள். அதற்கு மேலுள்ள சொகுசு வகுப்பில் ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று என வரிசைக்கு மூன்றே இருக்கைகள். தனியாகப் போகிறவர் அந்த ஒற்றை இருக்கையைப் பிடித்துக்கொண்டால் பக்கத்தில் யாரும் இல்லை. சில நிறுவனங்கள் ஏறும்போதே ஒரு சிறு பையில் தின்பண்டமும் ஒரு பானமும் தருகின்றன. பெட்டியை அடியில் ஏற்றும்போது அதில் ஓர் அடையாளச் சீட்டை ஒட்டி மறுபாதியைக் கையில் கொடுப்பார்கள்; இறங்குமிடத்தில் அதைக் காட்டினால்தான் பெட்டி திரும்பக் கிடைக்கும். தமிழ்நாட்டில் நாம் பழகிவிட்ட படுக்கை வசதிப் பேருந்தை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். சாய்ந்து உறங்குவது மட்டுமே. குளிர்சாதனத்தை ஓட்டுநர்கள் வைக்கும் அளவு இரக்கமற்றது. வெளியே வளைகுடாக் கரையிலுள்ள வெராக்ரூஸின் புழுக்கம் இருக்கும், உள்ளே கம்பளி தேடுவீர்கள். ஆகவே போர்வையையும் காதடைப்பானையும் பெட்டியில் போட்டுவிடாமல் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும். தலைக்கு மேல் ஓடும் திரைப்படத்தின் ஒலியைக் குறைக்கும் அதிகாரம் பயணிக்கு எப்போதும் கிடைப்பதில்லை.

இரண்டாம் வகுப்பு வேறு உலகம். கையைக் காட்டிய இடமெல்லாம் நின்று, கட்டணமில்லாச் சாலையில் ஊர் ஊராகப் புகுந்து போகும். குறுந்தொலைவுக்குச் சரி, நெடுந்தொலைவுக்கு அதன் விலைக் குறைவு ஈடாகாது.

பேருந்தின் குறைகளில் முக்கியமானது சாலைப் பாதுகாப்பு. 2011இல் தமவுலிபாஸ் மாநிலத்தின் சான் பெர்னாண்டோ பகுதியில் பேருந்துகளை மறித்துப் பயணிகளைக் கடத்திச் சென்று கொன்ற கொடுமையை மெக்சிகோ மக்கள் இன்னும் மறக்கவில்லை. சுங்கச் சாலையில் மட்டும் ஓடும் முதல் வகுப்புப் பேருந்துகளில், பயணிகள் அதிகம் போகும் தடங்களில், நிலைமை பெரும்பாலும் அமைதியானதே. ஏறுமுன் பையைச் சோதிப்பதும் உலோகங்காட்டியால் தடவிப் பார்ப்பதும் வழக்கம். ஆயினும் வட எல்லை மாநிலங்களிலும் தெற்கிலுள்ள சியாபாஸ் மாநிலத்தின் மலைப் பகுதியிலும் இரவுப் பயணத்தைத் தவிர்ப்பதே அறிவு. சான் கிறிஸ்தோபலிலிருந்து பலெங்கேவுக்கு ஒகோசிங்கோ வழியாகச் செல்லும் மலைச்சாலை, மறியல்களுக்குப் பேர்போனது. வரைபடத்தில் குறுகியதாகத் தெரிகிறதே என்று அதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. தெற்கில் குடிவரவு அதிகாரிகள் பேருந்தில் ஏறி ஆவணம் கேட்பதும் உண்டு. வெளிநாட்டவர் கடவுச்சீட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டால் அப்போது சங்கடப்பட நேரிடும்.

விமானத்தைப் பொறுத்தவரை, அதன் உண்மை விலை இரண்டு இடங்களில் ஒளிந்திருக்கிறது. ஒன்று பெட்டி. வோலாரிஸ், விவா ஆகிய மலிவு விலை நிறுவனங்களின் அடிப்படைக் கட்டணம் இருக்கைக்கு அடியில் நுழையும் சிறு பைக்கு மட்டுமே. பெரிய பெட்டி, இருக்கைத் தேர்வு என ஒவ்வொன்றும் தனிக் கணக்கில் ஏற, பேருந்தைவிட மலிவாகத் தெரிந்த சீட்டு இறுதியில் முழுச்சேவை நிறுவனமான ஏரோமெக்சிகோவின் விலையை எட்டிவிடுகிறது. இன்னொன்று விமான நிலையம். 2018இல் தெஷ்கோக்கோவில் ஓரளவு எழும்பியிருந்த புதிய நிலையத்தைக் கைவிட முடிவு செய்த பிறகு, அதற்கு மாற்றாகச் சாந்தா லூசியா ராணுவத் தளத்தில் பெலிப்பே ஆங்ஹெலெஸ் நிலையம் கட்டப்பட்டு 2022 மார்ச் 21 அன்று திறக்கப்பட்டது. நகருக்குள்ளேயே இருக்கும் பெனித்தோ ஹுவாரெஸ் நிலையத்தோடு ஒப்பிட்டால் இது வடக்கே வெகு தொலைவில், நகர மையத்திலிருந்து ஏறக்குறைய 45 கிலோமீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் விமானச் சீட்டு மலிவாக இருக்கும்; அங்கே போய்ச் சேரும் டாக்சிக் கட்டணத்தையும் நெரிசலில் கரையும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் மேலே சொன்ன வஹாக்காக் கணக்கில் மிச்சமான இரண்டு மணி நேரமும் போய்விடும்.

விமானப் பாதைகள் தலைநகரையும் குவாதலஹாரா, மான்டெர்ரே, கான்குன் போன்ற சில நகரங்களையும் மையமாகக் கொண்டவை என்பதும் கவனிக்கத்தக்கது. இரு சிறு நகரங்களுக்கு இடையே நேர் விமானம் இல்லையென்றால் தலைநகரில் இறங்கி மாற வேண்டியிருக்கும். அப்போது ஆறு மணி நேரப் பேருந்தே சிறந்ததாகிவிடும். விமானம் சந்தேகமின்றி வெல்வது டிஹுவானா போன்ற தொலைதூரங்களில். அமெரிக்காவின் சான் டியேகோவில் இருப்பவர்களுக்கு இதில் கூடுதல் வசதியும் உண்டு. 2015 டிசம்பரில் திறந்த எல்லைப் பாலத்தில் நடந்தே டிஹுவானா விமான நிலையத்துக்குள் போய், அங்கிருந்து உள்நாட்டு விமானம் பிடிக்கலாம்.

காருக்கு வருவோம். மெக்சிகோவில் குவோட்டா எனப்படும் சுங்கச் சாலை, லிப்ரே எனப்படும் கட்டணமில்லாச் சாலை என இரண்டு இணையாக ஓடுகின்றன. சுங்கச் சாலை அகலமானது, வேகமானது, விலை அதிகமானது. தலைநகரிலிருந்து அகாபுல்கோ வரை போய் வந்தாலே சுங்கத்துக்கு ஆயிரம் பெசோவுக்கு மேல் போய்விடும். சாவடியில் தரும் ரசீதைக் கசக்கி எறியக் கூடாது; அந்தச் சாலையில் விபத்து நேர்ந்தால் கிடைக்கும் காப்பீட்டுக்கு அதுவே சான்று. வண்டி பழுதானால் 078 எண்ணை அழைத்தால் பச்சை நிற வண்டிகளில் வரும் சுற்றுலாத் துறையின் சாலை உதவிக் குழுவினர், ‘பச்சைத் தேவதூதர்கள்’, கைகொடுப்பார்கள். கட்டணமில்லாச் சாலையிலோ ஒவ்வொரு ஊரின் நுழைவிலும் நடுவிலும் முடிவிலும் தோப்பே என்னும் வேகத்தடை உயர்ந்து நிற்கும். பலவற்றுக்கு முன்னறிவிப்புப் பலகையும் இல்லை, வண்ணமும் இல்லை. இருவழிச் சாலையில் முன்னால் போகும் லாரி இடப்பக்க விளக்கை மினுக்கினால் ‘முந்திச் செல்லலாம்’ என்று பொருள். அதே விளக்கு ‘நான் இடப்பக்கம் திரும்புகிறேன்’ என்றும் பொருள் தரும். எதுவென்று ஊகிப்பது ஓட்டுபவரின் பொறுப்பு. இந்தியாவிலோ இலங்கையிலோ இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர் வலப்பக்கச் சாலையில் இந்த ஊகத்தைச் செய்வது எளிதல்ல. இருட்டிய பின் மாடுகளும் விளக்கில்லாத வண்டிகளும் குழிகளும் சேர்ந்துகொள்ளும். உள்ளூர்க்காரர்களே இரவில் ஓட்டத் தயங்குவார்கள்.

வாடகைக் காரின் இணைய விலை நம்ப முடியாத அளவு மலிவாக இருந்தால் நம்பாமல் இருப்பதே சரி. மூன்றாம் தரப்புக் காப்பீட்டைச் சேர்க்காமல் காட்டிய விலையாக அது இருக்கும். வண்டியை எடுக்கப் போகும்போது இரண்டு மடங்காகிவிடும். ஓர் ஊரில் எடுத்து வேறோர் ஊரில் விடுவதற்கான கூடுதல் கட்டணமும் சிறிதல்ல. சொந்தக் காரில் எல்லை தாண்டி வருகிறவருக்கு அமெரிக்கக் காப்பீடு இங்கே செல்லாது. எல்லைப் பகுதியைத் தாண்டி நாட்டுக்குள் போவதற்குத் தற்காலிக இறக்குமதி அனுமதியும் வேண்டும். தலைநகருக்குள் காரைக் கொண்டுபோவதை அறவே தவிர்க்கலாம். 1989 முதல் நடைமுறையிலிருக்கும் ‘இன்று ஓட்டாதே’ விதி, எண் பலகையின் கடைசி இலக்கத்தைப் பார்த்துப் பல வண்டிகளை வாரத்தில் ஒரு நாளாவது முடக்குகிறது. வெளியூர், வெளிநாட்டு வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இன்னும் கூடுதல்.

இத்தனைக்குப் பிறகும் கார் இல்லாமல் ஆகாத இடங்கள் உண்டு. மெரிடாவைச் சுற்றியுள்ள யுகட்டான் சமவெளியில் சாலைகள் நேரானவை, ஊர்கள் அமைதியானவை. ஊஷ்மால் என்னும் பழைய மாயா நகரமும் அதன் தெற்கே சிதறிக் கிடக்கும் சிறு மாயா இடிபாடுகளும் சுண்ணாம்புப் பாறைக் கிணறுகளும் பேருந்து நேர அட்டவணைக்குள் அடங்குவதில்லை. மெரிடா வரை விமானத்தில் போய், அங்கே நான்கைந்து நாளுக்குக் கார் எடுத்து, அதே ஊரில் திருப்பி விடுவது மூன்று வழிகளின் குறைகளையும் ஒரே வீச்சில் தவிர்க்கும். வடமேற்குத் தீபகற்பமான பாஹா கலிபோர்னியாவில் 1973இல் முடிவடைந்த நெடுஞ்சாலையும் அப்படித்தான். ஆயினும் எல் ரொசாரியோவைத் தாண்டினால் ஏறக்குறைய 300 கிலோமீட்டருக்கு எரிபொருள் நிலையம் எதையும் நம்பிப் போக முடியாது.

தனியாகப் போகிறவருக்குக் கார் எப்போதும் விலை கூடியது. நால்வர் கொண்ட குடும்பத்துக்குக் கணக்கு மாறும்: பேருந்துச் சீட்டு தலைக்கு ஒன்று, சுங்கமும் எரிபொருளும் வண்டிக்கு ஒன்று. புவெப்லா போன்ற இரண்டு மணி நேரத் தொலைவுக்கு அப்போது கார் மலிவாகலாம். ஏழு மணி நேரத்தைத் தாண்டினால் வழியில் தங்கும் அறை வாடகையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மேற்சொன்ன எல்லாக் கணக்கும் ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்திலும் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி 6 வரையிலும் செல்லாது. தலைநகரமே காலியாகும் அந்த நாட்களில் சுங்கச் சாவடிகளில் பேருந்தும் காரும் ஒரே வரிசையில் மணிக்கணக்கில் நிற்கும். டிசம்பர் 12 அன்று குவாதலூப்பே அன்னையின் திருநாளுக்காகப் புவெப்லாச் சாலையில் நடந்தும் சைக்கிளிலும் வரும் யாத்திரிகர் கூட்டம் வேறு. சொகுசுப் பேருந்தின் ஒற்றை இருக்கைகள் வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். அப்போது மட்டும் ஐந்து மணி நேரத் தொலைவுக்கும் விமானத்தைப் பார்க்கலாம். அதுவும் முடியவில்லை என்றால், புனித வாரத்தில் வியாழனன்று கிளம்புவதைத் தவிர்த்துத் திங்களன்றே புறப்பட்டுவிட வேண்டும்.