மூன்று வாழைத்தார் பில், மூன்று வழி: கிராமரா, காஸ் நீக்கலா, நேர்மாறு அணியா?

களக்காட்டு வாழைத்தாரை மூன்று வியாபாரிகள் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் அண்ணாச்சி ஏத்தன், ரசகதலி, நாட்டு மூன்றிலும் ஒவ்வொரு தார் எடுத்து 1,050 ரூபாய் கொடுக்கிறார். அடுத்தவர் அதே வரிசையில் 2, 1, 3 தார் எடுக்கிறார், 2,050 ரூபாய். மூன்றாமவருக்கு 3, 2, 1 தார், 2,200 ரூபாய். ஒவ்வொரு ரகத்திலும் தார் என்ன விலை?

ஏ + ர + நா = 1050
2ஏ + ர + 3நா = 2050
3ஏ + 2ர + நா = 2200

12-ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தால் பலரும் நேராகக் கிராமரின் விதிக்குத்தான் போகிறார்கள். சூத்திரம் மனதில் நிற்கிறது, எண்ணைப் போட்டால் விடை வருகிறது. தார் எண்ணிக்கைகளைச் சதுரமாக அடுக்கி, அதிலிருந்து கணக்கிடும் ஒற்றை எண்தான் அணிக்கோவை. இங்கே அது 3. ஒவ்வொரு ரகத்தின் நெடுவரிசைக்கும் பதிலாகத் தொகைகளைப் போட்டால் வரும் மற்ற மூன்றும் 1200, 1050, 900. வகுத்தால் 400, 350, 300. சரியான விடைதான். ஆனால் அதற்கு நான்கு அணிக்கோவைகளை விரிக்க வேண்டும், ஒரு குறி தவறினாலும் எல்லாம் போச்சு.

நீக்கல் முறையில் பாருங்கள். இரண்டாவதிலிருந்து முதலாவதின் இரு மடங்கைக் கழித்தால் −ர + நா = −50. மூன்றாவதிலிருந்து மும்மடங்கைக் கழித்தால் −ர − 2நா = −950. இந்த இரண்டையும் கழித்தால் −3நா = −900, நாட்டு 300 ரூபாய். மற்ற இரண்டும் பின்னாலேயே வந்துவிடும். காஸ் பெயரில் வழங்கினாலும், சீனாவில் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே கையாண்ட வழி இது. கிராமர் தன் விதியை வெளியிட்டது 1750-இல்.

மாறிகள் கூடக்கூட வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் ஆகிவிடும். 10 மாறிகள் என்றால் கிராமருக்கு 11 அணிக்கோவைகள். உறுப்பு உறுப்பாக விரித்தால் ஒவ்வொன்றிலும் 36,28,800 உறுப்புகள். நீக்கல் முறைக்குப் பெருக்கலும் வகுத்தலும் சேர்த்து 430 போதும்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. மூன்றாமவர் 3, 2, 4 தார் எடுத்திருந்தால்? அது முதல் இரண்டு பில்லின் கூட்டல்தான், புதிய தகவல் எதுவும் இல்லை. அணிக்கோவை 0 ஆகிவிடும், கிராமரின் விதியால் விலையைச் சொல்ல முடியாது. நீக்கல் முறையோ கடைசி வரியில் உண்மையைச் சொல்லிவிடும்: தொகை 3,100 என்றால் 0 = 0, எண்ணற்ற தீர்வுகள். 3,150 என்றால் 0 = 50, தீர்வே இல்லை.

'நான்கு அணிக்கோவைகளும் 0 என்றால் எண்ணற்ற தீர்வுகள்' என்று சிலர் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அதை நம்பாதீர்கள். மூவரும் ஒவ்வொரு ரகத்திலும் ஒரு தார்தான் எடுத்து, தொகை மட்டும் 1,050, 1,100, 1,200 என்று இருந்தால் நான்கும் 0 தான். ஆனால் தீர்வு கிடையாது.

அதற்காகக் கிராமரை ஒதுக்கச் சொல்லவில்லை. மூன்றாவது பில்லில் நாட்டுத் தார் எண்ணிக்கையை 'க' என்று வைத்து, எப்போது ஒரே தீர்வு வரும் என்று கேட்டால் அணிக்கோவைதான் குறுக்குவழி. இங்கே அது 4 − க. க நான்காக இல்லாதவரை ஒரே தீர்வு. இரண்டு மாறிகள் மட்டும் என்றாலும், ஒரே ஒரு விலை போதும் என்றாலும் கிராமர் கைகொடுப்பார்.

நேர்மாறு அணி என்பது தொகைகளோடு பெருக்கினால் நேராக விலைகளைத் தரும் எண் அடுக்கு. ஒரே ஒரு கணக்குக்கு அது வீண் உழைப்பு. ஒன்பது இணைக்காரணிகளையும் (ஒவ்வொரு இடத்துக்கும் குறியோடு வரும் ஒரு சிறு அணிக்கோவை) கண்டுபிடித்தாக வேண்டும். ஆனால் மூவரும் தினமும் அதே எண்ணிக்கையில் தார் எடுத்து, விலை மட்டும் ஏறி இறங்கினால் அதுதான் வசதி. ஒருமுறை போட்டுவைத்த நேர்மாறு அணி அப்புறம் ஒவ்வொரு நாளும் உதவும். ஏத்தனுக்கான வரிசை −5, 1, 2. ரசகதலிக்கு 7, −2, −1. நாட்டுக்கு 1, 1, −1. எல்லாவற்றையும் கடைசியில் 3-ஆல் வகுக்க வேண்டும். மறுநாள் பில்கள் 1,070, 2,110, 2,250 என்றால் ஏத்தனுக்கு −5350 + 2110 + 4500 = 1260, அதாவது தார் 420 ரூபாய். மற்ற இரண்டையும் இதேபோல நீங்களே போட்டுப் பாருங்கள், 340-உம் 310-உம் வரும்.