கைசர்ஷ்டூல் திராட்சைச் சரிவுகளுக்கும் ரைன் கரைக் காட்டுக்கும்: ஹார்ட்டெயிலா, ஃபுல் சஸ்பென்ஷனா?

முன்னும் பின்னும் அதிர்வுதாங்கும் சஸ்பென்ஷன் உள்ள, மூன்று ஆண்டுகள் வைத்திருந்த ஃபுல் சஸ்பென்ஷன் மவுண்டன் பைக்கை விற்றுவிட்டு, முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயிலுக்குக் கடந்த ஆண்டு மாறினேன். தென்மேற்கு ஜெர்மனியில் ஃப்ரைபுர்க் நகருக்கு மேற்கே, கருங்காட்டு மலைக்கும் ரைன் ஆற்றுக்கும் இடையில் தனியாக எழுந்து நிற்கும் கைசர்ஷ்டூல் குன்றுகளிலும், அவற்றுக்கு வடக்கே ஆற்றை ஒட்டிக் கிடக்கும் டௌபர்கீஸன் காட்டிலும்தான் என் வார இறுதி ஓட்டம் பெரும்பாலும் நடக்கிறது. இந்த இரண்டு நிலங்களுக்கும் சேர்த்து ஒரே வண்டி வாங்க நினைப்பவர்களுக்காக, இரு வகை வண்டிகளையும் என் கையாலேயே கழற்றி மாட்டிப் பராமரித்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். என் சாய்வு ஹார்ட்டெயில் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மையாக இருக்கும்.

எல்லோரும் அறிந்தவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். ஒரே தரத்து உறுப்புகள் கொண்ட இரண்டு வண்டிகளை எடைபோட்டால் ஹார்ட்டெயில் ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை குறைவாக இருக்கும். விலையிலும் பெரிய வேறுபாடு உண்டு. என் ஹார்ட்டெயிலுக்கு 1,400 யூரோ கொடுத்தேன். அதே கியர், அதே பிரேக் உள்ள ஃபுல் சஸ்பென்ஷனுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டார்கள். மேடுபள்ளமான இறக்கத்தில் ஃபுல் சஸ்பென்ஷன் பின்சக்கரத்தை நிலத்தோடு ஒட்டவைத்து உடம்பைக் காக்கிறது என்பதில் எந்த ஐயமும் இல்லை. இவற்றை வைத்து மட்டும் முடிவெடுக்க முடியாது.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். கைசர்ஷ்டூல் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலையாக இருந்து ஓய்ந்த மலை. ரைன் சமவெளி கடல்மட்டத்திலிருந்து சுமார் 190 மீட்டர் உயரத்தில் இருக்க, மலையின் உச்சியான டோட்டன்கோப்ஃப் 557 மீட்டர்தான். 1960களிலும் 70களிலும் பழைய சிறு பாத்திகளை இடித்துப் பெரும் படிகளாகத் திருத்தியபோது, டிராக்டர் போகும் அகலத்தில் பாதைகள் போட்டார்கள். அதனால் இன்று திராட்சைக் கொடிகளுக்கு நடுவே ஓட்டும் நேரத்தில் பாதிக்கு மேல் தார், சிமெண்ட் அல்லது இறுகிய புல்தடத்தில்தான் கழிகிறது. ஏற்றங்கள் குட்டையானவை, ஆனால் செங்குத்தானவை; ஒரே காலையில் ஐந்தாறு முறை ஏறி இறங்க வேண்டிவரும். இத்தகைய ஏற்றத்தில் பின்பக்கம் அமுங்காத வண்டிச் சட்டம் (ஃப்ரேம்) மிதித்த பலனை அப்படியே சக்கரத்துக்குக் கொடுக்கிறது. ஃபுல் சஸ்பென்ஷனிலும் பின்பக்க அதிர்வுதாங்கியான ஷாக்கைப் பூட்டிவிட்டு ஏறலாம் என்பது உண்மைதான். ஆனால் ஓர் ஏற்றத்துக்கு ஒரு முறை பூட்டித் திறக்க வேண்டியிருந்தால், அந்தச் சஸ்பென்ஷன் வேலை செய்யும் நேரம் எவ்வளவு என்று எண்ணிப்பார்க்கத் தோன்றுகிறது.

அரசு விதியும் இங்கே ஒரு பக்கம் சாய்கிறது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநில வனச் சட்டப்படி, காட்டுக்குள் 2 மீட்டருக்குக் குறைவான அகலமுள்ள பாதைகளில் சைக்கிள் ஓட்டக் கூடாது; வன நிர்வாகம் தனியாக அனுமதித்த தடங்கள் மட்டுமே விதிவிலக்கு. வேர்களும் பாறைகளும் நிறைந்த ஒற்றையடித் தடத்துக்காகவே ஃபுல் சஸ்பென்ஷன் பிறந்தது என்றால், அந்தத் தடத்தின் பெரும்பகுதி இங்கே ஓட்டுநருக்குச் சட்டப்படி கிடையாது. இந்த விதி நியாயமா என்று நீண்ட காலமாக வாதம் நடக்கிறது. வண்டி வாங்குகிறவர் நடைமுறையில் இருக்கும் விதியை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது இவை எதுவும் அல்ல, மண். கைசர்ஷ்டூலின் எரிமலைப் பாறைமேல் காற்றடி வண்டல், அதாவது லோயஸ் மண், பல இடங்களில் பத்து மீட்டருக்கும் மேலான கனத்தில் போர்த்தியிருக்கிறது. பனியூழிக் காலங்களில் ரைனின் வறண்ட சரளைப் படுகையிலிருந்து காற்று அள்ளிவந்து கொட்டிய நுண்துகள் அது. வண்டிச் சக்கரங்களும் மழைநீரும் நூற்றாண்டுக் கணக்கில் அரித்ததால் அந்த மண்ணில் சுவர்போல நிமிர்ந்த ஆழமான பள்ளப் பாதைகள் உருவாகியிருக்கின்றன; பிக்கன்சோல் ஊரருகே அவற்றைக் காணலாம். பஞ்சுருட்டான் பறவைகள் அந்தச் சுவர்களில்தான் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கின்றன. பார்க்க அத்தனை அழகான அந்த மண்தான் ஃபுல் சஸ்பென்ஷனின் பின்பகுதி அசைய உதவும் கீல்களுக்கு எமன்.

காரணத்தைச் சற்று விளக்க வேண்டும். லோயஸ் துகளின் பருமன் பெரும்பாலும் 0.06 மில்லிமீட்டருக்குக் கீழே. அதில் கணிசமான பங்கு குவார்ட்ஸ். மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் 7 என்ற நிலையில் இருக்கும் கனிமம். அதாவது, பேரிங்கின் ரப்பர் மூடிக்குள் நுழையும் அளவுக்குச் சிறியது, நுழைந்தபின் எஃகைத் தேய்க்கும் அளவுக்குக் கடியது. சக்கர அச்சிலுள்ள பேரிங் முழுச் சுற்றுச் சுற்றுவதால் கிரீஸ் எல்லாக் குண்டுகளுக்கும் பரவிக்கொண்டே இருக்கிறது. ஃபுல் சஸ்பென்ஷன் சட்டத்தின் கீல்களிலுள்ள பேரிங்கோ சில பாகை மட்டுமே முன்னும் பின்னும் அசைகிறது. கிரீஸ் ஒருமுறை ஓரமாக ஒதுங்கினால் திரும்பி வருவதில்லை. அதே குண்டு அதே இடத்தை அழுத்திக்கொண்டே இருக்க, நுழைந்த துகளும் ஈரமும் அங்கேயே தங்கிக் குழி பறிக்கின்றன. மழைக்குப் பின் லோயஸ் பிசின்போல டயரில் ஒட்டி, பெடல் அச்சுக்குப் பின்னால் உள்ள இடுக்கில் போய் அடைந்துகொள்கிறது. முதன்மைக் கீல் இருப்பது சரியாக அந்த இடத்தில்தான்.

என் பழைய வண்டியில் இத்தகைய பேரிங்குகள் பத்து இருந்தன. முதல் தொகுதி பதினான்கு மாதம் தாங்கியது. இரண்டாவது அதைவிடக் குறைவு. ஏற்றத்தில் மிதிக்கும்போதெல்லாம் கிறீச்சொலி, பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஓர் ஆட்டம் என்றுதான் அது தெரியவரும். முதல் முறை ஒரு பட்டறையில் கொடுத்து, பொருளும் கூலியுமாக 180 யூரோ செலவழித்தேன். இரண்டாம் முறை கழற்றும் கருவி வாங்கி நானே செய்தேன். துருப்பிடித்த வெளிவளையம் ஒன்று அலுமினியச் சட்டத்துக்குள்ளேயே சிக்கிக்கொண்டு ஒரு முழுப் பிற்பகலைத் தின்றது. இதற்கு மேல் பின் ஷாக்கும் இருக்கிறது. சஸ்பென்ஷன் தயாரிக்கும் ராக்ஷாக்ஸ் நிறுவனத்தின் பராமரிப்பு அட்டவணை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை காற்றறையைத் திறந்து சுத்தம்செய்யச் சொல்கிறது, 200 மணி நேரத்துக்கு ஒருமுறை முழுப் பராமரிப்பைக் கேட்கிறது. வாரம் நான்கு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு அந்த 50 மணி நேரம் மூன்று மாதத்தில் வந்துவிடும்.

ஹார்ட்டெயிலுக்குப் பராமரிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க்குக்கும் அதே 50 மணி நேரக் கணக்கு உண்டு. செயின், ஹெட்செட் (கைப்பிடி திரும்பும் இடத்துப் பேரிங்), பெடல் அச்சு எல்லாவற்றிலும் இதே தூசி படிகிறது. ஆனால் ஒரு வாளித் தண்ணீரும் தூரிகையும் கொண்டு இருபது நிமிடத்தில் முடிகிற வேலை அது. உயர் அழுத்தக் குழாயை மட்டும் எந்த வண்டியிலும் பேரிங் பக்கம் காட்டக் கூடாது. மூடியைத் தாண்டிச் சேற்றை உள்ளே செலுத்துவது அதுதான்.

ரைன் கரைக் காட்டின் கதை வேறு. பொறியாளர் டுல்லாவின் திட்டப்படி 1817 முதல் 1876 வரை ரைனை நேராக்கியபோது பழைய கிளைகள் பலவும் மையப் போக்கிலிருந்து துண்டிக்கப்பட்டன; எஞ்சிய கிளைகளும் வில்லோ, பாப்லர், ஓக் மரங்களும் சேர்ந்த காட்டின் ஒரு பகுதியே 1979 முதல் காப்புப்பகுதியாக இருக்கும், சுமார் 1,700 ஹெக்டேர் பரப்புள்ள டௌபர்கீஸன். சமதளம்; பாதையை விட்டு விலகக் கூடாது. ஆல்ப்ஸ் பனி உருகும் முன்கோடையில் ஆறு உயரும். வெள்ளம் வடிந்த பாதையில் வழவழப்பான வண்டல் படிந்து கிடக்கும். இங்கே வேண்டியது சஸ்பென்ஷன் அல்ல, அகலமான டயரும் அதற்கும் சட்டத்துக்கும் இடையே தாராளமான இடைவெளியும். 2.4 அங்குல டயரைச் சுமார் 1.6 பார் அழுத்தத்தில் வைத்தபோது, பின் ஷாக் இல்லாத குறை இந்தக் காட்டில் எனக்குத் தெரியவே இல்லை. டியூப்லெஸ் முறையும் கட்டாயம் என்பேன்: திராட்சைத் தோட்ட ஓரங்களில் முள்வேலிப் புதரின் முள்ளும், கொடிகட்டும் கம்பியின் வெட்டுத்துண்டும் கிடக்கும், முள் குத்திய துளையை டயருக்குள் ஊற்றும் சீலண்ட் திரவம் அடைத்துவிடுகிறது, கம்பி கிழித்ததையும் அடைக்கும் என்ற உறுதி இல்லை.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் செய்ய வேண்டும். கிழக்கே கருங்காட்டில் அனுமதிக்கப்பட்ட இறக்கத் தடங்களுக்கு மாதம் இரண்டு முறையாவது போகிறவர் என் கணக்கைப் பின்பற்றக் கூடாது. அங்கே நான் ஹார்ட்டெயிலில் இரண்டே முறை இறங்கினேன், இரண்டு முறையும் பழைய வண்டியை நினைத்து ஏங்கினேன். முதுகுவலி உள்ளவர்களைப் பற்றி என்னால் உறுதியாகப் பேச முடியாது, எனக்கு அந்தத் தொல்லை இல்லை. கார்பன் சட்ட ஹார்ட்டெயிலை ஒரு வார இறுதி மட்டுமே ஓட்டியிருப்பதால், அலுமினியத்தைவிட அது அதிர்வை எவ்வளவு குறைக்கிறது என்று தீர்ப்புச் சொல்லவும் தயங்குகிறேன். மறுவிற்பனையில் என் ஃபுல் சஸ்பென்ஷன் வாங்கிய விலையில் பாதியைக்கூடத் தரவில்லை. பார்க்க வந்தவர்கள் மூவரும் முதலில் பிடித்து அசைத்தது பின்சக்கரத்தைத்தான்.

இவ்வளவுக்குப் பின்னும் ஃபுல் சஸ்பென்ஷன்தான் வேண்டும் என்றால், கீல்கள் குறைவாக உள்ள சட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். பின்முக்கோணத்தில் கீலுக்குப் பதிலாகச் சட்டமே சற்று வளைந்துகொடுக்கும் அமைப்பு இருந்தால் நான்கு பேரிங்குகள்வரை மிச்சமாகும். வாங்குமுன் பேரிங் எண்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 6902 போன்ற பொது அளவு என்றால் எந்தப் பேரிங் கடையிலும் கிடைக்கும். நிறுவனத்துக்கே உரிய தனி அளவு என்றால், அறுவடைக் காலத்தின் நல்ல வெயில் நாட்கள் பொட்டலத்துக்குக் காத்திருப்பதிலேயே போய்விடும்.