தம்பி மகனின் கிட்னி ஆபரேஷன்: ஊரில் பார்த்தது

இந்த முறை சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போன லீவு ஆஸ்பத்திரியிலேயே கழிந்தது. தம்பி மகனுக்கு ஒன்றரை வயது. பிறவியிலேயே இடது கிட்னியும் சிறுநீர்க்குழாயும் சேரும் இடம் குறுகி, நீர் இறங்க வழியில்லாமல் கிட்னி வீங்கியிருந்தது. வயிற்றில் இருக்கும்போது எடுத்த ஸ்கேனிலேயே இது எழுதியிருக்கிறது. ஆனால் அங்கே "பிறந்ததும் பார்த்துக்கலாம்" என்றதோடு சரி, எந்த டாக்டரிடம், எத்தனை நாளில் என்று யாரும் சொல்லவில்லை. எனக்குக் கோபமே இதில்தான்.

எல்லா வீக்கத்துக்கும் ஆபரேஷன் தேவையில்லை, நிறையக் குழந்தைகளுக்குத் தானாகவே வடிந்துவிடும். அதனால்தான் விட்டுவிட்டு ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள், ஊசி போட்டு எடுக்கும் ரீனோகிராமில் அந்தக் கிட்னி எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்றும் தெரிந்துவிடும். இவனுக்கு 40-க்குக் கீழே இறங்கிவிட்டது, வீக்கமும் கூடியிருந்தது, இனி காத்திருக்கக் கூடாது என்றார் டாக்டர்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், முதலமைச்சர் காப்பீட்டில் பைலோபிளாஸ்டி செய்தார்கள், அதாவது குறுகின பாகத்தை வெட்டியெடுத்து மீதியைச் சேர்த்துத் தைப்பது. ஆபரேஷனுக்கு நாங்கள் பணம் கட்டவில்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்தில் முன்னாடியே பதிந்து வையுங்கள்.

பக்கத்துப் படுக்கையில் மலத்துவாரம் இல்லாமல் பிறந்த குழந்தை. முதலில் மலம் வெளியேற வயிற்றில் வழி வைத்து, அதில் பை மாட்டி, பிறகு துவாரம் அமைத்து, கடைசியில் வயிற்று வழியை மூடுவார்களாம், மொத்தம் மூன்று ஆபரேஷன். அந்த அம்மா பை மாற்றுவதை நர்ஸ் அளவுக்குக் கற்றிருந்தார். இன்னொரு பையனுக்கு ஒன்றுக்குப் போகும் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கம் இருந்தது. அப்படிப் பிறந்தால் சுன்னத் செய்துவிடாதீர்கள், சரிசெய்ய அந்தத் தோல் வேண்டியிருக்கும் என்று டாக்டர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

முக்கியமான விஷயம், இவனுக்குச் செய்த ஆபரேஷனில் தைத்த இடம் ஆறும்வரை நீர் இறங்க உள்ளே வைக்கும் மெல்லிய குழாய், டி.ஜே. ஸ்டென்ட். வெளியே எதுவும் தெரியாது, பிள்ளை ஓடியாடும், வீட்டில் மறந்தேவிடுவார்கள், ஆனால் சில வாரங்களில் மறுபடி மயக்கம் கொடுத்து அதை எடுத்தே ஆகவேண்டும், விட்டால் அதன்மேல் கல் படியும். டிஸ்சார்ஜ் சீட்டில் இது ஆங்கிலத்தில் ஒரே வரி. தம்பி மனைவிக்குப் புரியவில்லை. நான் அதைத் தமிழில் எழுதி தினக்காலண்டரில் அந்தத் தேதித் தாளிலேயே ஒட்டிவிட்டு வந்தேன். எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும் கிளம்பும் முன் நர்ஸிடம் அந்தத் தேதியைத் தமிழில் எழுதி வாங்குங்கள்.