பழைய பேஜிங் டிரான்ஸ்மிட்டரில் ரிப்பீட்டர்: நாகர்கோவில் வொர்க்ஷாப் எப்படி?

பேஜர் காலத்து டிரான்ஸ்மிட்டரை 2 மீட்டர் (145 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து அமெச்சூர் அலைவரிசை) ரிப்பீட்டராக, அதாவது ஒருவர் பேசுவதை வாங்கி மறுபடி அனுப்பித் தூரத்துக்கு எட்டவைக்கிற நிலையமாக, மாற்றித் தருகிற வொர்க்ஷாப் ஒன்று நாகர்கோவில் வடசேரிப் பக்கம் இருக்கிறது. நடத்துகிற அண்ணனும் ஹாம்தான், உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர். பெயர் போட வேண்டாம் என்றார், சரி. எங்கள் நண்பர் குழுவின் பெட்டியை அவரிடம்தான் கொடுத்தோம். வேலை அருமை, நம்பிப் போகலாம்.

கார் மொபைல் செட் இரண்டைச் சேர்த்துக் கட்டிய ரிப்பீட்டரில் நாலு பேர் மாறி மாறிப் பேசினாலே டிரான்ஸ்மிட் செட் கொதித்துவிடும். பேஜிங் டிரான்ஸ்மிட்டர் ராத்திரி பகல் விடாமல் அனுப்புவதற்கென்றே செய்தது. எங்களுடையது 250 வாட், நம் உரிமத்தில் அவ்வளவுக்கு இடமில்லை என்பதால் வெகுவாகக் குறைத்துத்தான் ஓட்டுகிறோம், ஹீட்சிங்கைத் தொட்டால் லேசான சூடுதான்.

ஆனால் பேஜிங் ஒருவழிப் பாதை, பெட்டிக்குள் ரிசீவரே கிடையாது. அதைத் தனியாகச் சேர்க்கிற இடத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். டேட்டா அனுப்பப் பிறந்த மாடுலேட்டர் இது, வருகிற சிக்னலை அப்படியே எடுத்துக்கொள்ளும், குரலுக்குத் தேவையான பிரீ-எம்பசிஸ் (அனுப்பும்போது உச்ச ஒலிகளைத் தூக்கிவிடுவது) அதில் இல்லை. ரிசீவர் அந்தத் தூக்கலை இறக்கிவிட்டுத்தான் ஸ்பீக்கருக்கு அனுப்பும், அந்த ஒயரிலிருந்து ஆடியோ கொடுத்தால் பானைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி அமுங்கிக் கேட்கும். அண்ணன் ஸ்பீக்கர் பக்கமே போகவில்லை. ரிசீவருக்குள் சிக்னலிலிருந்து ஆடியோவைப் பிரித்தெடுக்கிற டிஸ்க்ரிமினேட்டரிலிருந்து நேராக எடுத்து, சின்ன ஆப்-ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர் சிப்) போர்டு வழியாக லெவல் சரிசெய்து கொடுத்தார். பேசுகிறவர் செட் போட்ட பிரீ-எம்பசிஸ் அப்படியே கடந்து போகிறது, கேட்கிறவர் செட் அதைச் சரி செய்துகொள்கிறது. ரிப்பீட்டர் வழியாக வருகிறதா நேரடியாக வருகிறதா என்று குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை! அலையை உருவாக்குகிற ஆசிலேட்டரை 145 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இறக்கியதோடு நிற்காமல் கடைசி ஆம்ப்ளிஃபையருக்கு அடுத்துள்ள ஐசொலேட்டரையும் (பவர் திரும்பி வராமல் தடுக்கிற பகுதி) டியூன் செய்தார், அதை விட்டுவிட்டால் பவர் ஆன்டெனாவுக்குப் போகாமல் உள்ளேயே சூடாகும்.

குறையும் உண்டு. சொன்ன தேதிக்குப் பெட்டி கிடைக்காது, சர்க்யூட் வரைபடம் கேட்டு வாங்க வேண்டும். ஒரே ஆன்டெனாவில் அனுப்பவும் வாங்கவும் உதவுகிற டூப்ளெக்சர் அவர் செய்வதில்லை. 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிக்குள் அனுப்புவதையும் வாங்குவதையும் பிரிக்க நல்ல கேவிட்டி (உலோகக் கூடு ஃபில்டர்) தேவை, எங்களுக்கு வேலைக்கூலியைவிட அதற்குத்தான் அதிகம் போனது. அப்புறம் பெட்டியின் கனம், மலைமேல் ஏற்ற ஆள் பலம் வேண்டும்.

2017-ல் ஒக்கி புயல் அடித்து மாவட்டமே கரண்ட் இல்லாமல் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு ரிப்பீட்டர் ஆசையே வந்தது. ஆனால் இந்தப் பெட்டியின் பவர் சப்ளை 12 வோல்ட் பேட்டரியில் நேரடியாக ஓடாது, நல்ல இன்வெர்ட்டரும் வைத்தே ஆக வேண்டும். இந்தச் செலவை முதலிலேயே கணக்கில் எடுங்கள்.

வேளிமலை மறைப்பால் குலசேகரத்து நண்பரின் ஹேண்டி (கையடக்க செட்) முன்பு நாகர்கோவிலுக்கு எட்டாது, இப்போது தெளிவாகக் கேட்கிறது. போகிறவர்கள் உரிமத்தின் நகலைக் கையோடு கொண்டு போங்கள், அது இல்லாமல் அண்ணன் பெட்டியைத் திறக்கவே மாட்டார்.