ஆக்சிஜன் பெட்டி: வாங்கலாம், ஆனால் மீட்டரோடு

நுரையீரல் ரத்தக்குழாயின் உட்சுவர் செல்களைத் தட்டில் வளர்த்து, அளவுக்கு மிஞ்சிய ஆக்சிஜன் அவற்றை என்ன பாடுபடுத்துகிறது, எதைக் கொடுத்தால் தாங்கிக்கொள்கின்றன என்று பார்ப்பதுதான் ஆய்வகத்தில் என் வேலை. அதற்காக வாங்கிய பாலிகார்பனேட் பெட்டியைப் பற்றிய மதிப்புரை இது. கம்பெனி பெயர் வேண்டாம், இந்த வகைப் பெட்டிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே ஜாடைதான்.

உள்ளே இருப்பது தெரியும்படி ஒரு அடிப்பாகம், ஒரு மூடி, நடுவில் ரப்பர் வளையம், சுற்றி இறுக்க எஃகுப் பட்டை, வாயு போக ஒரு குழாய், வர ஒரு குழாய். அவ்வளவுதான். செல் தட்டுகளை அடுக்கி, மீடியம் (செல்கள் வளரும் ஊட்டத் திரவம்) வற்றாமலிருக்க ஓரத்தில் தண்ணீர் வைத்து, 95 சதவீத ஆக்சிஜனும் 5 சதவீத கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயுவைச் செலுத்தி, குழாய்களை கிளிப் போட்டு அடைத்து, 37 டிகிரி இன்குபேட்டருக்குள் வைத்துவிடலாம். ஆக்சிஜன் அளவைத் தானே பார்த்துக்கொள்ளும் இன்குபேட்டர் என்றால் விலை எங்கேயோ போய்விடும். அந்தக் கணக்கில் இது தங்கம்.

குறை கசிவுதான். சில நிமிடம் வாயு செலுத்தினால் போதும் என்கிறது கையேடு. போதாது. மீடியத்துக்குள் ஆக்சிஜன் கரைய நேரம் பிடிக்கும், அதனால் கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் செலுத்த வேண்டும். எங்கள் பெட்டிக்குள் ஆக்சிஜன் மீட்டர் வைத்துப் பார்த்தபோது, மறுநாள் காலையில் அளவு இறங்கியிருந்தது. மீடியத்தின் நிறமோ மாறவே இல்லை. அதில் கலந்திருக்கும் ஃபீனால் ரெட் சாயம் காட்டுவது அமிலத்தன்மையை மட்டும்தான். பெட்டி இருந்த இன்குபேட்டரிலும் 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு ஓடிக்கொண்டிருந்ததால், கசிந்தாலும் நிறம் அப்படியே நிற்கிறது. அந்த வாயு ஓடாத வெறும் சூட்டு இன்குபேட்டரில் வைத்துப் பாருங்கள், பெரிய கசிவு இருந்தால் ரோஸ் கலந்த ஊதாவாகி மாட்டிவிட்டுவிடும்.

போனால் போகட்டும் என்று விடக்கூடிய வித்தியாசமா இது? இல்லை. 100 சதவீத ஆக்சிஜனில் விட்ட எலிகளில் பெரும்பாலானவை மூன்று நாளில் செத்துவிடும். முதலில் அடி விழுவது நுண்குழாய் உட்சுவர் செல்களுக்கு: சூப்பர்ஆக்சைடு என்ற, செல்லைச் சிதைக்கும் ஆக்சிஜன் வடிவம் பெருகி, செல்கள் வீங்கி, இடைவெளி விட்டு, காற்றறைக்குள் நீர் கசியும். ஆனால் 85 சதவீதத்தில் ஒரு வாரம் பழகிய எலி, பிறகு 100 சதவீதத்தையும் தாங்கும். இடைப்பட்ட நாட்களில் நுரையீரல் சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூடேஸ் போன்ற காப்பு நொதிகளைக் கூட்டிக்கொள்கிறது. குறைமாதக் குழந்தைக்கு இந்த நொதிகளே பற்றாக்குறை, அவை கூடுவது கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான்.

அப்படியானால் நம் பெட்டி சத்தமில்லாமல் 95லிருந்து 85க்கு இறங்கினால்? செல்கள் பிழைத்திருக்கும், நாம் கொடுத்த மருந்துதான் காப்பாற்றியது என்று எழுதிவிடுவோம். நாங்கள் சோதிப்பது சல்ஃபோராபேன், ப்ரோக்கோலியில் கிடைப்பது. கீப்1 புரதம் பிடித்து வைத்திருக்கும் என்ஆர்எஃப்2 என்ற இன்னொரு புரதத்தை விடுவித்து, உட்கருவுக்குள் அனுப்பி, காப்பு நொதி ஜீன்களைத் தூண்டும் பொருள். அதன் பலன் எது, கசிவின் பலன் எது என்று மீட்டர் இல்லாமல் பிரிக்க முடியாது.

வாங்குகிறவர்கள் இரண்டாக வாங்குங்கள். ஒன்றில் ஆக்சிஜன், இன்னொன்றில் 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு சேர்த்த சாதாரணக் காற்று. ஒப்பீட்டுத் தட்டும் அதே மாதிரிப் பெட்டிக்குள் இருந்தால்தான் நியாயம். அப்புறம், சீல் நிற்கவில்லை என்று வளையத்தில் வாசலின் தடவுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. ஆக்சிஜன் செறிந்த இடத்தில் பெட்ரோலியக் கிரீஸ் எளிதில் தீப்பிடிக்கலாம், வேண்டவே வேண்டாம். ஆர்டர் போடும்போதே கூடுதல் வளையம் இரண்டு கேட்டு வாங்கிவிடுங்கள். தனியாகக் கேட்டால் எங்கள் டீலர் மாதக்கணக்கில் இழுத்தடித்தார்.